ஒரே கூரை, ஒரே வைரஸ்

2021 மே மாதக் கடைசியில், அன்றாடத் தொற்று எண்ணிக்கையில் சென்னையைக் கோவை மாவட்டம் முந்தியது. மே 30 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கவச உடை அணிந்து சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையின் கொரோனா வார்டுக்குள் போய் நோயாளிகளைப் பார்த்தார். அதே மாதம் இருகூர் காமாட்சிபுரி ஆதீனத்தில் ‘கொரோனா தேவி’க்குச் சிலை வைத்து வழிபாடு நடந்தது. பிளேக் காலத்திலேயே பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் எடுத்த ஊர் கோவை. கொள்ளைநோயும் அதற்கொரு தெய்வமும் அந்த ஊருக்குப் புதிதல்ல.

உடுமலைப்பேட்டையிலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் அந்த மாதம் வீட்டுக்கு வீடு ஒரு கேள்வி சுற்றி வந்தது. “ஒரே ஊட்டுலதானுங்க இருந்தோம், ஒரே சோத்தைத்தானுங்க தின்னோம். பாட்டிக்கு மூணு நாள் காய்ச்சலோட தீந்துபோச்சு. அப்பனை ஆக்ஸிஜன்ல வெக்க வேண்டியதாப் போச்சு. அதெப்படிங்க?”

மருத்துவர்கள் சொல்லும் முதல் பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வயது, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, உடற்பருமன், புகைப்பழக்கம், உடம்புக்குள் போன கிருமியின் அளவு, ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதித்த நாட்கள். இவற்றுள் வயதுதான் பெரியது. ஆனால் இத்தனையையும் கணக்கில் கழித்த பிறகும் ஒரு மிச்சம் நிற்கிறது. எண்பது வயதுப் பாட்டி எழுந்து நடமாடுவதற்கும், சர்க்கரையோ கொதிப்போ இல்லாத முப்பது வயதுப் பேரன் மூச்சுக்குத் திணறுவதற்கும் அந்தப் பட்டியலில் பதில் இல்லை. இந்த அத்தியாயம் அந்த மிச்சத்தைப் பற்றியது.

நம் ஒவ்வொரு செல்லிலும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என மரபுப் பிரதி இரண்டு உள்ளன. ஒரு பிரதியில் சுமார் 300 கோடி எழுத்துகள். எந்த இரண்டு மனிதர்களை ஒப்பிட்டாலும் ஏறக்குறைய ஆயிரம் எழுத்துக்கு ஒன்று வேறுபடும். பெரும்பாலான வேறுபாடுகளால் ஒரு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. சில நிறத்தை மாற்றும், சில உயரத்தை மாற்றும். மிகச் சில, நுரையீரலுக்குள் ஒரு வைரஸ் நுழைந்த முதல் சில மணி நேரத்தில் என்ன நடக்கும் என்பதை மாற்றும்.

வீடா, ரத்தமா?

ஒரு நோய் குடும்பத்தில் ஓடுகிறது என்று சொல்வது எளிது. குடும்பத்துக்கு ரத்தம் மட்டுமா பொது? அடுப்புப் புகை பொது, சன்னல் இல்லாத அறை பொது, வறுமையும் பொது. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் மரபணுவின் மீது பழி போட முடியாது.

ஐஸ்லாந்தில் இதைப் பிரித்துப் பார்க்க வழி இருந்தது. அந்தச் சின்னத் தீவு நாட்டில் தலைமுறை தலைமுறையாக வம்சாவளிப் பதிவு உண்டு. 1918ஆம் ஆண்டின் கொடுங்காய்ச்சலில், அதாவது உலகமே ‘ஸ்பானிஷ் ஃப்ளூ’ என்று அழைத்த இன்ஃப்ளூயன்சாவில் அங்கே இறந்த 455 பேரின் உறவு வலையை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்து 2008இல் வெளியிட்டார்கள். இறந்தவரின் நெருங்கிய ரத்த உறவினருக்குச் சாகும் ஆபத்து கூடுதலாக இருந்தது. ஆகா, மரபுதான் என்று முடிவு கட்டுவதற்கு முன் அவர்கள் இன்னொன்றையும் பார்த்தார்கள். இறந்தவரின் கணவன் அல்லது மனைவி வழியில் வந்த உறவினருக்கும் ஆபத்து உயர்ந்தே இருந்தது. சம்பந்தி வீட்டாருக்கும் இறந்தவருக்கும் ரத்தத் தொடர்பு கிடையாது, போக்குவரத்துதான் உண்டு. அந்தத் தரவை வைத்து ரத்தத்தைக் குற்றம் சொல்ல முடியவில்லை.

டென்மார்க்கில் வேறொரு வழி கிடைத்தது. 1924 முதல் 1926 வரை பிறந்து, சிறு வயதிலேயே தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் உள்ள 960 குடும்பங்களை அங்கே பின்தொடர்ந்தார்கள். பெற்றவர் ஓரிடம், வளர்த்தவர் ஓரிடம். 1988இல் வெளியான முடிவு இது: பெற்றவர்களில் ஒருவர் 50 வயதுக்கு முன் ஏதாவது தொற்று நோயால் இறந்திருந்தால், பிள்ளையும் தொற்றால் அகால மரணம் அடையும் ஆபத்து கிட்டத்தட்ட ஆறு மடங்கு. வளர்த்தவர் அப்படி இறந்திருந்தால் பிள்ளைக்குக் கூடுதல் ஆபத்து தென்படவில்லை. பரம்பரை நோய் என்று நாம் அஞ்சும் புற்றுநோயில் நிலைமை நேர் எதிர்; அங்கே வளர்த்தவரின் மரணம்தான் பிள்ளையின் ஆபத்தைக் கூட்டியது. எண்ணிக்கை சிறியது, எல்லாத் தொற்றுகளையும் சேர்த்த கணக்கு. ஆனாலும் வெளியிலிருந்து வருவதாலேயே தொற்றுக்கும் பரம்பரைக்கும் தொடர்பில்லை என்ற நினைப்பை இந்த ஆய்வு உலுக்கிவிட்டது.

ஆலைச் சங்கு

அந்தப் பரம்பரைச் சொத்து உடம்புக்குள் எங்கே இருக்கிறது? இதற்கான முதல் துப்பு எலிகளிடமிருந்து வந்தது.

1957இல் லண்டனில் அலிக் ஐசக்ஸ், ழான் லிண்டென்மன் என்ற இருவர் இன்டர்ஃபெரானைக் கண்டுபிடித்தார்கள். வைரஸ் தாக்கிய செல், தான் சாவதற்குள் வெளியேற்றும் புரதம் அது. கொங்கு நாட்டுக்காரருக்கு இதை விளக்க ஆலைச் சங்கு போதும். ஒரு செல்லில் தீப்பிடித்ததும் சங்கு ஊதுகிறது. அக்கம்பக்கத்துச் செல்கள் அதைக் கேட்டுக் கதவைச் சாத்தி, வைரஸ் பெருக முடியாதபடி நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. காய்ச்சல், உடம்பு வலி, அசதி எல்லாமே பெரும்பாலும் இந்தச் சங்கின் சத்தம்தான்.

ஐந்து ஆண்டு கழித்து, 1962இல், லிண்டென்மன் ஒரு விசித்திரத்தைப் பதிவு செய்தார். ஆய்வுக்கூட எலிகளைக் கொன்று குவிக்கும் இன்ஃப்ளூயன்சா வைரஸை ‘ஏ2ஜி’ என்ற எலி வகைக்குக் கொடுத்தால் அவை சாவதில்லை. வேறு எலிகளோடு கலந்து குட்டி போட வைத்தபோது ஒரே ஒரு மரபணுவே இதற்குக் காரணம் என்று தெரிந்தது. பின்னாளில் அதற்கு ‘எம்எக்ஸ்1’ என்று பெயர் வந்தது. இன்டர்ஃபெரான் சங்கு ஊதிய பிறகு வேலைக்கு வரும் மரபணு அது. பெரும்பாலான ஆய்வுக்கூட எலி வகைகளில் அது உடைந்து கிடக்கிறது. உலகம் முழுக்க இன்ஃப்ளூயன்சாவுக்கு மருந்து சோதித்த எலிகளில் பல, பிறவியிலேயே அந்த ஆயுதம் இல்லாதவை என்பது அதன் பிறகுதான் புரிந்தது.

மனிதரில் இதற்கு இணையாகப் பேசப்பட்ட ஒன்று ‘ஐஎஃப்ஐடிஎம்3’. செல்லின் உள்ளறைக்குள் வந்த வைரஸை அங்கிருந்து வெளியே கசிய விடாமல் தடுக்கும் புரதம் அது. 2009 பன்றிக் காய்ச்சலின்போது பிரிட்டனில் மருத்துவமனையில் சேர்ந்தவர்களை ஆராய்ந்து, அதன் ஒரு எழுத்து மாற்றத்தை இரண்டு பிரதியிலும் சுமப்பவர்கள் எதிர்பார்த்ததை விட அதிகம் என்று 2012இல் அறிவித்தார்கள். பார்த்தது 53 பேர்; அவர்களில் அப்படி இருந்தவர் மூவர். அடுத்த ஆண்டு பெய்ஜிங்கில், கடுமையாக நோயுற்றவர்களில் 69 விழுக்காட்டினரிடமும் லேசாக வந்து போனவர்களில் 25 விழுக்காட்டினரிடமும் அதே இரட்டைப் பிரதி தென்பட்டது. அப்புறம் வந்த ஆய்வுகள் ஒன்றுபோல் பேசவில்லை; ஐரோப்பியரிடம் செய்த சிலவற்றில் தொடர்பே காணவில்லை. சிறிய எண்ணிக்கையில் பெரிதாகத் தெரிந்து, எண்ணிக்கை கூடக்கூடச் சுருங்குவது இந்தத் துறையில் வாடிக்கை. ‘நோயைத் தடுக்கும் மரபணு கண்டுபிடிப்பு’ என்று பத்திரிகையில் பார்க்கும்போதெல்லாம் முதலில் எத்தனை பேரைப் பார்த்தார்கள் என்று தேடுவது நல்ல பழக்கம்.

சங்கு ஊதாத வீடுகள்

பொதுவான மரபு வேறுபாடுகள் ஆபத்தை ஓரளவுக்கே ஏற்றும், இறக்கும். அபூர்வமான சில வேறுபாடுகள் அப்படியல்ல; அவை வந்த இடத்தில் நோயே தலைகீழாகிறது.

2011இல் பிரான்சில் இரண்டரை வயதுப் பெண் குழந்தை ஒன்று இன்ஃப்ளூயன்சா வந்து மூச்சு முட்டிச் சாவின் விளிம்புக்குப் போனது. அதற்கு முன் பெரிய நோய் எதுவும் அதற்கு இல்லை. ழான்-லோரான் கசனோவா என்ற ஆய்வாளரின் குழுவினர் அதன் மரபணுக்களை வாசித்தார்கள். இன்டர்ஃபெரான் சங்கை ஊதும் கை என்று சொல்லத்தக்க ‘ஐஆர்எஃப்7’ மரபணு, குழந்தையின் இரண்டு பிரதியிலும் பழுதாகி இருந்தது. ஒரு பழுது தாயிடமிருந்து, இன்னொன்று தகப்பனிடமிருந்து. இருவருக்கும் ஒரு பிரதி நன்றாக இருந்ததால் அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. குழந்தை பிழைத்தது. அதன் பிறகு ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போட்டார்கள். 2015இல் அந்த ஆய்வு வெளியான வரைக்கும் அந்தக் குழந்தைக்கு மறுபடி அப்படியொரு கண்டம் வரவில்லை. பழுதான மரபணுவை யாரும் சரி செய்யவில்லை; தடுப்பூசி வேறு வழியில் காவல் போட்டுவிட்டது.

கொரோனா வந்ததும் அதே குழு அதே கேள்வியைப் பெரிய அளவில் கேட்டது. 2020 அக்டோபரில் வந்த பதில்: உயிருக்குப் போராடிய 659 பேரில் 23 பேருக்கு, அதாவது 3.5 விழுக்காட்டினருக்கு, இந்த இன்டர்ஃபெரான் பாதையில் பிறவிப் பழுது இருந்தது. மற்றொரு தொகுதியில் கடுமையாக நோயுற்ற 987 பேரில் குறைந்தது 101 பேர், தங்கள் இன்டர்ஃபெரானையே அடையாளம் தவறித் தாக்கும் எதிர்ப்புரதங்களை ரத்தத்தில் வைத்திருந்தார்கள். சங்கின் வாயில் துணியை அடைத்தது போல. அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள்.

ஆண்கள் ஏன் அதிகம் என்ற கேள்விக்கு நெதர்லாந்திலிருந்து இன்னொரு துண்டு வந்தது. இரண்டு குடும்பங்களில் தலா இரண்டு அண்ணன் தம்பிகள், நால்வரும் 35 வயதுக்குக் கீழ், நால்வரும் வென்டிலேட்டரில். ஒருவர் இறந்தார். வைரஸை முதலில் மோப்பம் பிடிக்கும் ‘டிஎல்ஆர்7’ மரபணு நால்வரிடமும் பழுது. அது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று கெட்டாலும் மற்றொன்று தாங்கும். ஆணுக்கு ஒன்றுதான். தாயிடமிருந்து வரும் இந்தப் பழுது மகனிடத்தில்தான் வெளிப்படும்.

குரோஷியக் குகையிலிருந்து

அபூர்வத்தை விட்டுப் பரவலானதற்கு வருவோம். 2020 ஜூனில் இத்தாலி, ஸ்பெயின் மருத்துவமனைகளில் மூச்சுத் திணறலோடு கிடந்த 1,610 நோயாளிகளின் மரபணுக்களை ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு வெளியானது. இரண்டு இடங்கள் பளிச்சென்று தெரிந்தன. ஒன்று ரத்த வகையைத் தீர்மானிக்கும் பகுதி: ஏ வகையினருக்கு ஆபத்து சற்றுக் கூடுதல், ஓ வகையினருக்குச் சற்றுக் குறைவு. அந்த ஆண்டு டீக்கடைகளில் ‘நீங்க என்ன குரூப்?’ என்ற விசாரிப்பு எழுந்தது இப்படித்தான். பிறகு வந்த பெரிய ஆய்வுகளில் அந்த வித்தியாசம் இன்னும் சுருங்கிவிட்டது. மற்றொன்று மூன்றாம் குரோமோசோமில் ஒரு துண்டு. அதைச் சுமப்பவர்கள் கடுமையாக நோயுறும் வாய்ப்பு தெளிவாகவே அதிகம்.

ஸ்வீடனின் ஹ்யூகோ செபெர்க், பின்னாளில் 2022இல் நோபல் பரிசு பெற்ற ஸ்வாந்தே பேபோ இருவரும் அந்தத் துண்டின் ஊர் எது என்று தேடினார்கள். சுமார் 50,000 எழுத்து நீளமுள்ள அது, குரோஷியாவின் விண்டியா குகையில் கிடைத்த, நியாண்டர்தால் என்ற அழிந்துபோன மனித இனத்தின் எலும்பிலிருந்த மரபணுவோடு ஏறக்குறைய அப்படியே ஒத்துப்போனது. ஆப்பிரிக்காவை விட்டு வந்த நம் முன்னோர் நியாண்டர்தால்களோடு கலந்தபோது கைக்கு வந்த சொத்து. ஐரோப்பியரில் சுமார் 16 விழுக்காட்டினரிடம் அது இருக்கிறது. தெற்காசியரில் ஏறத்தாழ பாதிப் பேரிடம். வங்கதேசத்தில் 63 விழுக்காட்டினரிடம். கிழக்காசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் கிட்டத்தட்ட இல்லை.

இந்த எண்ணைக் கேட்டதும் பலருக்கு அடிவயிறு கலங்கியது. நம் ஆட்களுக்குத்தான் பாதிக்குப் பாதி இருக்கிறதா? அப்படியென்றால் கோவையிலும் திருப்பூரிலும் 2021இல் நடந்தது விதியா?

அந்த அவசர முடிவை நிறுத்தி வைக்க இந்தியாவிலிருந்தே ஒரு ஆய்வு வந்தது. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் ஞானேஷ்வர் சௌபே, ஹைதராபாத்தில் உள்ள சிசிஎம்பி ஆய்வு மையத்தின் கே.தங்கராஜ் உள்ளிட்டோர் 2021இல் வெளியிட்ட அந்த ஆய்வு, அந்தத் துண்டு எந்த மக்களிடம் எவ்வளவு இருக்கிறது என்பதையும் அந்தந்தப் பகுதியின் தொற்று, இறப்பு விகிதங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. இரண்டுக்கும் தொடர்பு காணவில்லை. இதற்கும் ஒரு வரம்பு உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் சோதனை எண்ணிக்கையும் இறப்புப் பதிவும் ஒரே தரத்தில் இல்லாத நாட்டில் அப்படி ஒப்பிடுவது மங்கலான கண்ணாடி வழியாகப் பார்ப்பதுதான். ஆனாலும் ஒன்று தெளிவு. ஒரு மனிதரின் ஆபத்தைச் சற்று நகர்த்தும் மரபணுவை வைத்து ஒரு ஊரின் சாவுக் கணக்கை விளக்கிவிட முடியாது. அந்த மே மாதத்தில் கொங்கு மண்டலத்தில் மரபணு எதுவும் மாறவில்லை. மாறியது வைரஸ், டெல்டா வந்திருந்தது. பெரும்பாலோருக்குத் தடுப்பூசி போட்டிருக்கவில்லை. ஆக்ஸிஜன் படுக்கைக்கு அல்லாட்டம்.

அந்தத் துண்டு நுரையீரலில் என்ன செய்கிறது என்பதை ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2021 நவம்பரில் துருவிக் காட்டினார்கள். துண்டிலுள்ள ஒரு எழுத்து, பக்கத்திலுள்ள ‘எல்இசட்டிஎஃப்எல்1’ மரபணுவை அளவுக்கு மீறி முடுக்கிவிடுகிறது. அதனால், வைரஸ் தாக்கும்போது நுரையீரல் உட்சுவரின் செல்கள் தங்களை மாற்றிக்கொண்டு தற்காத்துக்கொள்ளும் வேலை தாமதிக்கிறது. இதில் ஆறுதலும் உண்டு: பழுது நுரையீரல் சுவரில், நோய் எதிர்ப்பு மண்டலத்தில் அல்ல. ஆகவே அதைச் சுமப்பவருக்கும் தடுப்பூசி வழக்கம்போல் வேலை செய்யும் என்று அவர்களே சொன்னார்கள்.

இப்படிக் கெடுதல் செய்யும் துண்டு ஆயிரக்கணக்கான தலைமுறை கழித்தும் ஏன் அழியவில்லை? செபெர்க் 2022இல் காட்டியபடி, அதே துண்டைச் சுமப்பவர்களுக்கு எச்ஐவி தொற்றும் ஆபத்து சுமார் 27 விழுக்காடு குறைவு. நியாண்டர்தாலிடமிருந்தே வந்த இன்னொரு துண்டு, பன்னிரண்டாம் குரோமோசோமில் இருப்பது, கடுமையான கொரோனா ஆபத்தை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கிறது. மரபணுவில் முழு நல்லவனும் இல்லை, முழுக் கெட்டவனும் இல்லை. நம் பக்கத்து மலையிலேயே இதற்கு மூத்த சாட்சி உண்டு. 1952இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் வடிவ ரத்த செல்லுக்கான மரபைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு பிரதியிலும் இருந்தால் வாழ்நாள் வேதனை. ஒரு பிரதியில் இருந்தால் மலேரியாவிலிருந்து காப்பு. 1954இல் ஆலிசன் என்ற ஆய்வாளர் கிழக்கு ஆப்பிரிக்காவில் அந்தக் காப்பை நிரூபித்தார்.

கூட்டமும் முறைப்பெண்ணும்

கொங்கு வேளாளரிடையே கல்யாணப் பேச்சு எடுத்ததும் முதல் கேள்வி, ‘எந்தக் கூட்டம்?’ ஒரே கூட்டத்தார் பங்காளிகள். அவர்களுக்குள் பெண் கொடுக்கல் வாங்கல் இல்லை. கூட்டம் தகப்பன் வழியில் போவது. மரபியல் கண்ணால் பார்த்தால் அது மகனுக்கு மகன் இறங்கும் ஒய் குரோமோசோமின் பாதை. மனிதனின் மற்ற குரோமோசோம்களுக்குக் கூட்டம் தெரியாது. தாய் வழியாகவும் அவை சரிபாதி வந்துகொண்டே இருக்கும்.

ஆகவே வேறு கூட்டம் என்பதால் மட்டும் ரத்தம் தூரமாகிவிடாது. மாமன் மகளும் அத்தை மகனும் வெவ்வேறு கூட்டம். தாத்தா பாட்டி ஒன்று. இருவரும் மரபணுவில் எட்டில் ஒரு பங்கைப் பகிர்கிறார்கள். அவர்களுக்குப் பிறக்கும் குழந்தையின் மரபுப் பிரதிகள் இரண்டும், சராசரியாகப் பதினாறில் ஒரு பங்கு இடத்தில், ஒரே முன்னோரின் ஒரே நகலாக இருக்கும். அக்கா மகளைக் கட்டினால் அது எட்டில் ஒன்று. தமிழ்நாட்டில் நான்கு திருமணங்களில் ஒன்றுக்கு மேல் உறவுக்குள் நடப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஐஆர்எஃப்7 போல இரண்டு பிரதியும் கெட்டால் மட்டும் தலைகாட்டும் பழுதுகள் இப்படிப்பட்ட குடும்பங்களில் சந்தித்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

உறவுத் திருமணமே செய்யாத சமூகத்திலும் இது நடக்கலாம். சில நூறு பேரிலிருந்து பெருகி, தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே மணமுடித்த சமூகத்தில் எல்லோருக்குமே முன்னோர் கொஞ்சம் பொது. சிசிஎம்பியும் ஹார்வர்டின் டேவிட் ரைக் குழுவும் 2017இல் தெற்காசியாவின் 263 சமூகக் குழுக்களைப் பார்த்தபோது, அவற்றில் 81 குழுக்களில் இந்த நெருக்கம் ஃபின்லாந்துக்காரரையும் ஐரோப்பிய யூதரையும் விஞ்சியது. நெருக்கத்தின் விலை என்ன என்பதற்குத் தீவுகளைப் பார்க்கலாம். மேற்குப் பாலினீசியத் தீவுகளில், சங்கின் சத்தத்தைக் கேட்கும் ‘காது’ என்று சொல்லத்தக்க இன்டர்ஃபெரான் ஏற்பியின் ஒரு பழுது நூற்றில் ஒருவருக்கு மேல் ஒற்றைப் பிரதியில் இருக்கிறது. அது இரண்டு பிரதியிலும் சேர்ந்த குழந்தைகள் வைரஸ் நோய்களில் உயிருக்குப் போராடினார்கள். ஆர்க்டிக்கின் இனுயிட் மக்களிடம் அதே ஏற்பியின் மறுபாதியில் பழுது. இரண்டும் 2022இல் வெளியான கண்டுபிடிப்புகள். 83 சமூகக் குழுக்களிலிருந்து 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகையை வாசித்த ‘ஜீனோம் இந்தியா’வின் தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நம்மிடம் இப்படி எது எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதற்கான வரைபடம் இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது.

பண்ணையில் ஒரு சொட்டு

உடுமலையிலிருந்து பல்லடம் வரை சாலையின் இரண்டு பக்கமும் கறிக்கோழிக் கொட்டகைகள். உள்ளே ஆயிரக்கணக்கான கோழிகள், ஒரே இனம், ஒரே வயது. மரபு வேறுபாடு மனிதக் கூட்டத்தில் இருப்பதை விட மிகக் குறைவு. ஒன்றைக் கொல்லும் கிருமி எல்லாவற்றையும் கொல்லக்கூடும்.

1927இல் ராணிகேத்தில் அடையாளம் கண்டதால் ‘ராணிக்கெட்’ என்று பெயர் பெற்ற வெள்ளைக் கழிச்சல் அப்படிப்பட்டது. கோழியின் மூச்சுக்குழாயைத் தாக்கும் ‘ஐபி’ நோய் இன்னும் நெருங்கிய சொந்தம்: அது ஒரு கொரோனா வைரஸ். மனிதரைத் தொற்றாது. 1931இலேயே அமெரிக்காவில் பதிவான நோய் அது. கொரோனாவுக்கு எதிரான தடுப்பூசியைக் கோழிகள் நமக்கு எத்தனையோ பத்தாண்டுகள் முன்னதாகவே போட்டுக்கொண்டுவிட்டன. உள்ளினத்திலேயே பெருக்கிய கோழி வரிசைகளில் ஐபி வைரஸால் வரும் சாவு வரிசைக்கு வரிசை மாறுவதும் ஆய்வில் தெரிந்ததே.

ஆனால் பண்ணைக்காரர் எந்தக் கோழிக்கு எந்த மரபணு என்று பார்த்துக்கொண்டிருப்பதில்லை. குஞ்சு வந்து ஐந்தாறு நாளில், கையில் பிடித்துத் தலையைச் சாய்த்து, கண்ணில் ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து. குஞ்சு கண்ணை மூடித் திறந்து சொட்டு உள்ளே இறங்கும் வரை காத்திருந்துதான் விடுவார். பிறகு குடிதண்ணீரில் லசோட்டா என்ற தடுப்பு மருந்து. பிறவியில் பலமுள்ளதும் பலவீனமானதும் ஒரே வரிசையில் காவலுக்குள் வந்துவிடுகின்றன. பிரான்சின் அந்தப் பெண் குழந்தைக்கு ஆண்டுதோறும் போட்ட ஊசியும் இதே கணக்குத்தான்.

துப்பிலிருந்து மருந்துக்கு

அப்படியென்றால் இந்த மரபணு ஆராய்ச்சி எதற்கு? என் பார்வையில் அதன் பெரிய பயன், யார் சாவார் என்று ஜாதகம் கணிப்பதில் இல்லை. மருந்து எங்கே கை வைக்க வேண்டும் என்று காட்டுவதில் இருக்கிறது.

எடின்பரோவின் கென்னத் பெய்லி நடத்தும் ‘ஜெனாமிக்’ ஆய்வு, பிரிட்டனின் 208 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கிடந்த 2,244 கொரோனா நோயாளிகளின் மரபணுக்களை வாசித்து 2020 டிசம்பரில் முடிவை வெளியிட்டது. இரண்டு திசையில் துப்புக் கிடைத்தது. சங்கைக் கேட்கும் ஏற்பி குறைவாக உள்ளவருக்கு ஆபத்து. அழற்சிச் செய்தியைக் கடத்தும் ‘டிஒய்கே2’ அதிகமாக உள்ளவருக்கும் ஆபத்து. முரண்பாடு போலத் தோன்றும். ஆனால் நோய்க்கு இரண்டு கட்டம். முதல் சில நாளில் சங்கு உடனே ஊத வேண்டும். இரண்டாம் வாரத்தில் அது ஓயாமல் அலறினால் வைரஸை விட அலறலே நுரையீரலைக் கெடுக்கும்.

இரண்டாம் கட்டத்தில் அந்தப் பாதையை அடக்கும் மாத்திரை ஏற்கெனவே கடையில் இருந்தது: மூட்டு வாதத்துக்குக் கொடுக்கும் பாரிசிட்டினிப். கொரோனாவுக்கு அது உதவலாம் என்ற யோசனை முன்பே எழுந்திருந்தது. மரபணு அதற்கு வலுவான சாட்சி சொன்னது. 2021 மே மாதம் இந்தியாவில் அவசரகால அனுமதி கிடைத்தது. பிரிட்டனின் ‘ரெகவரி’ பரிசோதனையில் 8,156 நோயாளிகளிடம் சோதித்தபோது இறப்பு 13 விழுக்காடு குறைந்தது. மாத்திரை கொடுப்பதற்கு யாருக்கும் மரபணுச் சோதனை தேவைப்படவில்லை. சில ஆயிரம் பேரின் வேறுபாட்டிலிருந்து கற்ற பாடம் எல்லோருக்கும் மருந்தானது.

பிழைப்பது வேறு, குணமாவது வேறு. வார்டிலிருந்து வீடு திரும்பிய பிறகும் மாதக்கணக்கில் மாடிப்படி ஏற முடியாமல் இளைத்தவர்கள் எத்தனையோ பேர். நெடுங்கொரோனா என்ற இந்த நிலைக்கும் மரபுக் காரணம் தேடி, 16 நாடுகளின் 24 ஆய்வுகளைத் திரட்டி 2025இல் வந்த முடிவு ‘ஃபாக்ஸ்பி4’ மரபணுவின் அருகே கை காட்டியது. நுரையீரலில் வேலை செய்யும் மரபணு அது. அதன் ஒரு வடிவத்தைச் சுமப்பவருக்கு நெடுங்கொரோனா ஆபத்து சுமார் ஒன்றரை மடங்கு. ‘சோம்பேறித்தனம், மனப்பிரமை’ என்று வீட்டிலும் வேலையிடத்திலும் பேச்சு வாங்கியவர்களுக்கு, நுரையீரலுக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கலாம் என்று அறிவியல் சாட்சி சொன்ன தருணம் இது.

வீட்டில் செய்ய வேண்டியது

உடுமலைக்குத் தெற்கே ஆனைமலைத் தொடரில் குருமலை, குழிப்பட்டி, மாவடப்பு போன்ற மலைக்கிராமங்கள் உண்டு. நோயாளியைத் தொட்டில் கட்டித் தோளில் சுமந்து மலையிறக்கிய செய்திகள் அங்கிருந்து பலமுறை வந்திருக்கின்றன. சின்னச் சமூகங்கள், தங்களுக்குள்ளேயே மணமுடிப்பவை; மரபியலாருக்கு ஆர்வமூட்டும் மக்கள். ஆனால் நிமோனியா வந்த ஒரு குழந்தை அங்கே பிழைப்பதற்கு எந்த மரபணுவை விடவும் ரோடும் ஜீப்பும் முக்கியம். மரபணு ஆபத்தைக் கொஞ்சம் ஏற்றும். மூன்று மணி நேரத் தாமதம் அதையெல்லாம் விழுங்கிவிடும்.

தனியார் பரிசோதனைக்கூடங்கள் விற்கும் ‘உங்கள் கொரோனா மரபணு ஆபத்து’ வகைச் சோதனைகளுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. பொதுவான வேறுபாடுகள் சொல்லும் சேதி, உங்கள் வயதும் சர்க்கரை அளவும் சொல்வதை விடச் சிறியது. ஆனால் ஒரு விஷயத்தைக் கட்டாயம் செய்யலாம். வீட்டில் யாராவது ஐம்பது வயதுக்கு முன், வேறு நோய் இல்லாமல் ஃப்ளூவிலோ கொரோனாவிலோ வென்டிலேட்டர் வரை போயிருந்தால், அல்லது ஒரு குழந்தைக்கு அடிக்கடி நிமோனியா வந்தால், அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பெற்றோர் உறவுக்குள் மணம் முடித்தவர்கள் என்றால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட குடும்பத்தில்தான் மரபணுச் சோதனைக்கு அர்த்தம் உண்டு. அங்கே ஒரு பழுது கண்டுபிடிக்கப்பட்டால் தம்பிக்கும் தங்கைக்கும் காய்ச்சல் வருவதற்கு முன்பே ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி போடலாம். காய்ச்சல் வந்தால் மூன்றாம் நாள் வரை பார்க்கலாம் என்று காத்திராமல் முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போகலாம். மற்ற எல்லோருக்கும் பண்ணைக்காரரின் கணக்கே போதும்: யாருக்கு எந்த மரபணு என்று தெரிய வேண்டியதில்லை, ஊசி எல்லோருக்கும் போட வேண்டும்.